இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வண்டி

வண்டி நுழையுமா என்று சிங்கப்பூரில் நான் அளந்து பார்த்தது எங்கள் அடுக்குமாடி லிஃப்டின் கதவை. கூத்தாநல்லூரில் மாமி வீட்டு நடைக்கதவையும் அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பயணத்தில் நான் பட்ட பாட்டில் பாதி அங்கேதான் தொடங்கியது.

ரியாஸுக்கு இரண்டரை வயது. மர்யம் பிறந்து நாற்பது கழிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வக்கீலின் கடிதம் வந்தது. என்னைப் பெற்ற அத்தா என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன ஒன்பது மா நஞ்சைக்கு, அதாவது மூன்று ஏக்கருக்கு, வழக்கு வந்திருக்கிறது, நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்காவிட்டால் எதிர்த்தரப்பு சொல்வதே முடிவாகிவிடும் என்று எழுதியிருந்தார். என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். லீவு கேட்டால் ஒரேயடியாகப் போய்விடு என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

தனியாகப் போகிறவளுக்கு இருப்பது இரண்டு கை. பிள்ளைகள் இரண்டு, பெட்டி ஒன்று. அதனால்தான் பிள்ளைகளை வைத்துத் தள்ளும் வண்டி வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு விதம் வைத்திருந்தார்கள். ஒன்றில் ரயில் பெட்டி மாதிரி முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. மற்றதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். "முன்னே பின்னே உள்ளதை வாங்கு, ஒல்லியா இருக்கும், எந்தச் சந்துலயும் நுழையும்" என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அதில் இரண்டு இருக்கையும் முழுதாகச் சாயவில்லை. கழுத்து நிற்காத பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? பின்னால் உட்காரும் பிள்ளைக்கு முன்னால் உள்ள கூண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கடையில் பெரிய அரிசிப் பை ஒன்றும் சின்னப் பை ஒன்றும் வாங்கிவந்து இரண்டு இருக்கையிலும் வைத்தேன். ஒற்றைக் கையால் தள்ளி, திருப்பி, பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கனமான பக்கம் இழுத்தது. ஆனாலும் பேச்சுக் கேட்டது. முழம் போட்டு அகலத்தை அளந்தேன். கடைக்காரச் சீனர் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை நீட்டினார். என் முழத்தில்தான் எனக்கு நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உள்ள வண்டியையே வாங்கினேன். கணவர் நாலடி தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

முதல் நாள், மாமி வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினேன். மாமி என்பது அத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் சொந்த வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்ததால் மாமி வீட்டில்தான் தங்க வேண்டும். தெரு முழுக்க மாடி வீடுகள், எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. ஆண்கள் சிங்கப்பூர், மலேயா, குவைத் என்று போய்விட்டார்கள், பெண்கள் உள்ளே இருந்தார்கள். வண்டியை விரித்துப் பிள்ளைகளை வைத்து வாசற்படி ஏற்றி, நடைக்கதவுக்கு வந்தேன். நாலு விரல் இடித்தது.

மடித்து ஒருக்களித்துத் தூக்கினால் எந்தக் கதவிலும் நுழையும். அதற்கு இரண்டு கை வேண்டும், அந்த இரண்டு கையிலும் பிள்ளைகள். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"புள்ளையத் தூக்கத்தானே ஆண்டவன் இடுப்பைக் குடுத்திருக்கான். அதை அங்கேயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார்.

வண்டி நடைக்கு வெளியிலேயே நின்றது. அன்று சாயங்காலம் தெருப்பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னையும் பார்த்தார்கள். "சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள். வண்டியைச் சொன்னார்களா என்னைச் சொன்னார்களா என்று தெரியவில்லை. மாமி இடியாப்பமும் கறி ஆணமும் வைத்தார். எனக்குப் பசி இருந்தது. ஆனால் எதிரே அத்தா உட்கார்ந்து "இன்னொன்னு வை" என்று சொல்லாத சாப்பாட்டை ஒரு இடியாப்பத்தோடு முடித்துக்கொண்டேன். அத்தா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது நான் வரவில்லை. மர்யம் வயிற்றில் இருந்தாள், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அந்தக் காரணத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் நாள் வக்கீலைப் பார்க்கத் தாலுகா ஊருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இது என்னம்மா, மடங்குமா?"

"மடங்கும்."

"அப்ப மேல போடுங்க" என்று வாழைத்தார்களுக்கு நடுவே ஏற்றிக் கட்டிவிட்டார். நாற்பது நாள் சம்பளத்தில் வாங்கிய வண்டி வாழைத்தாரோடு ஊர்வலம் போனது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி மர்யத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நிற்கிறவளின் பிள்ளை உட்கார்ந்திருக்கிறவளின் மடிக்குப் போய்விடும், யாரும் கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் மாட்டார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரி இந்த இரண்டரை வருஷத்தில் ரியாஸின் கன்னத்தைக்கூடத் தொட்டதில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று. அந்தப் பெண் இறங்கும்போது மர்யத்தைப் பின் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு இறங்க, அங்கிருந்து அவள் இன்னொரு மடிக்குப் போக, கூட்டத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இங்கதான் இருக்கு. புள்ளைய யாரு திங்கப் போறா?" என்றது கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்.

குரலுக்கு உரியவள் கடற்கரையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்தவள். மர்யம் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. இறங்கியதும் நான் வண்டியை விரித்து ரியாஸை உட்காரவைத்து வார் மாட்டுவதை அவள் நின்று பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"பெரியவனுக்குக் காலு வராதா தங்கச்சி?"

"நல்லா ஓடுவான்க்கா."

"மறைக்காதே. வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில கால் வாங்கிப் போடுறேன்னு நேந்துக்க. யாரா இருந்தாலும் அது கேக்கும். எங்க அண்ணன் மவன் எழுந்திரிச்சு நடந்தான்."

நிரூபித்துவிடலாம் என்று வாரைக் கழற்றி ரியாஸை இறக்கினேன். "ஓடிக் காட்டு" என்றேன். சிங்கப்பூரில் ஒரு நிமிஷம் கால் நிலத்தில் பாவாதவன், அன்றைக்குப் பார்த்துச் சப்பணம் போட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானே வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதன் பிறகு மீதி நாளெல்லாம் ரியாஸைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்களிடம் நான் எதையும் மறுக்கவில்லை.

வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அத்தா காலத்திலிருந்து எங்கள் நிலத்தைச் சாகுபடி செய்பவர் வைரக்கண்ணு. குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதிய வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். பதிந்துவிட்டால் அவரை இறக்க முடியாது. அவர் இருக்கும் நிலத்தை நல்ல விலைக்கு வாங்கவும் ஆள் வராது.

"அவர்ட்ட ரசீது ஒண்ணு கிடையாது. உங்க அத்தா எழுத்துல எதுவும் குடுக்கலை. யாருமே குடுக்கறதில்ல, குடுத்தா பதிஞ்சுக்குவானேங்கிற பயம். அதனால உங்க வாய்தான் எல்லாம். கூலிக்கு வேலை பார்த்தார்னு சொல்லுங்க. வாரம்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நெலம் போச்சு."

வாரம் என்றால் விளைச்சலில் பாதி. களத்தில் நெல்லை இரண்டு குவியலாகக் கொட்டி, "எது வேணும் பாய், எடுத்துக்குங்க" என்று வைரக்கண்ணு சொல்வதை நான் பாவாடை கட்டிய வயதில் கூட நின்று பார்த்திருக்கிறேன். அத்தா என்னைத்தான் கை காட்டச் சொல்வார். நான் காட்டிய குவியல் எங்கள் வீட்டுக்கு வரும். அதை வக்கீலிடம் சொன்னேன்.

"அதெல்லாம் உங்களோட வச்சுக்குங்க" என்றார்.

எனக்கு அந்த நிலம் வேண்டும். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. பட்டறையில் சீட்டைக் கிழித்துவிட்டால் நாங்கள் திரும்பி வர வேண்டியதுதான். வந்து நிற்க எனக்கென்று இருப்பது அந்த ஒன்பது மாவும் ஒரு பழைய வீடும்தான்.

மூன்றாம் நாள் நிலத்தைப் பார்க்கப் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. மாமி வீட்டு அறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். புரட்டாசி. குறுவை அறுப்பு ஒரு பக்கம், சம்பா நாற்றங்கால் ஒரு பக்கம். வழியெல்லாம் சுவர்களில் ஆளுங்கட்சிச் சின்னமும் எதிர்க்கட்சிச் சின்னமும் மாறி மாறி இருந்தன. ஒரு வயல் மூலையில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கிய பண்ணை அது, உள்ளூர் ஆட்கள் இறங்கவிடவில்லை, கதிர் அப்படியே சாய்ந்து கிடக்கிறது என்று வழியில் ஒருவர் சொன்னார். நிலம் உள்ளவனும் தூங்கவில்லை, இல்லாதவனும் தூங்கவில்லை என்றார்.

வாய்க்கால் கரையில் பாதி தூரம் வண்டி ஒழுங்காக வந்தது. முந்தின நாள் பெய்த மழையை நான் கணக்கில் எடுக்கவில்லை. களிமண் முன் சக்கரங்களில் அப்பி அப்பி, சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டது. தள்ளினால் போகவில்லை, இழுத்தால் வரவில்லை. சிங்கப்பூர்க் கடையில் அரிசிப் பையை வைத்துச் சோதித்தவள் களிமண்ணையும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சோதித்திருக்க வேண்டும். மர்யம் அழுதாள். அவளைப் பார்த்து ரியாஸ் அழுதான். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஒரு ஆள் இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தாவுக்காக நாலு மாதமாக அழ வேண்டியதை வாய்க்கால் கரையில் நின்று அழுதேன்.

"யாரது, பாய் மவளா?"

வைரக்கண்ணுதான். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் அவர் மனைவி ராசாம்பாள், முழங்கால் வரை சேறு. தலையை ஆட்டினேன். ராசாம்பாள் கையை வாய்க்காலில் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு மர்யத்தை எடுத்துத் தோளில் போட்டாள். ரியாஸ் தானாகவே அவள் விரலைப் பிடித்தான். வைரக்கண்ணு வண்டியைக் கவிழ்த்து, குச்சியால் சக்கரத்துச் சேற்றை நோண்டி எடுத்தார். பிறகு கட்டுக் கதிரைத் தூக்குவது போல வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். நடைக்கதவில் நுழையாத வண்டி வரப்பில் அழகாகப் போனது.

மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைத்தார்கள். ராசாம்பாள் புது நெல்லில் இடித்த அவலைக் கொட்டாங்கச்சியில் கொடுத்தாள், கூட ஒரு துண்டு வெல்லம். ரியாஸ் அதைத் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

"பாய் இருந்தா இந்த மனுவே வந்திருக்காது பாப்பா" என்றார் வைரக்கண்ணு. "அவரு போயி ஒரு மாசத்துல தரகர் வந்து சங்கிலி புடிச்சு அளக்குறான். கேட்டா சிங்கப்பூர்லேருந்து லெட்டர் வந்திருக்குங்கறான். நான் எங்க போறது? நெலம் உங்களுதுதான். அது எனக்கு வேணாம். என்னை எறக்கிடாதீங்கன்னுதான் எழுதிப் போட்டேன்."

விலை கேட்டுத் தரகருக்கு எழுதியது நாங்கள்தான். நான் அவலை மென்றுகொண்டிருந்தேன்.

"பாய் மௌத்தான அன்னிக்கு கோடை மழை கொட்டுச்சு. அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போறப்ப கபர்ஸ்தான் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போவலாமா கூடாதான்னு தெரியலை, அங்கேயே நின்னேன்" என்றார்.

நான் நிற்காத இடத்தில் அவர் நின்றிருக்கிறார். அதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். ரோடு வரை வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

நாலாம் நாள் வீட்டில் இருந்தேன். சக்கரத்தைக் கழுவினேன். கணவருக்கு ஒரு கடிதம் தொடங்கி, "இங்கு அனைவரும் நலம்" என்பதற்கு மேல் எழுத வராமல் மடித்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் விசாரணை. தாலுகா ஆபீஸுக்குப் பத்துப் படி, செங்குத்தாக. சிங்கப்பூரில் எந்த ஆபீஸுக்கும் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கும். இங்கே சுவரில் வெற்றிலை எச்சில்தான் இருந்தது. மனு எழுதுகிற இரண்டு பேர் வந்து வண்டியை மேலே தூக்கி வைத்தார்கள். வராந்தா நெரிசலில் நின்றேன். விசாரணை அறையின் கதவு மாமி வீட்டுக் கதவைவிடக் குறுகல்.

"வண்டியெல்லாம் உள்ள கூடாதும்மா, அழுவுற புள்ளையும் கூடாது" என்றார் பியூன்.

வக்கீல் உள்ளேயிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமிக்கு மூட்டுவலி, வரவில்லை. அந்த வராந்தாவில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மேல் மனுப் போட்டவர். இன்னொருத்தி அவர் மனைவி. என் பெயரைக் கூப்பிட்டார்கள். மர்யம் வீறிட்டாள்.

ராசாம்பாள் கேட்கவில்லை. பஸ்ஸில் வாங்குவது மாதிரியே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். மறு கையால் வண்டியின் பிடியைப் பிடித்து ரியாஸை ஆட்டத் தொடங்கினாள்.

"பேரு கூப்ட்டுட்டாங்க. போங்க, நான் வச்சிருக்கேன்" என்றாள்.

போனேன். அதிகாரி வயதில் என்னைவிடச் சின்னவராக இருந்தார். காகிதத்திலிருந்து நிமிராமல் கேட்டார்.

"மனுதாரர் உங்க நிலத்துல வாரத்துக்குச் சாகுபடி பண்றாரா?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். வைரக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மர்யத்தின் அழுகை நின்றுவிட்டது, வராந்தாவிலிருந்து ராசாம்பாளின் தாலாட்டு கேட்டது. இரண்டு குவியல் நெல் என் கண் முன்னால் இருந்தது.

"இல்ல சார். கூலிக்குத்தான் பார்த்தார்."

"உங்களுக்கு நேர்ல தெரியுமா?"

"தெரியும்."

அதிகாரி எழுதினார். வைரக்கண்ணு சத்தம் போடுவார், சண்டை பிடிப்பார் என்று என் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"சார், அது சின்ன வயசுலயே கட்டிக்குடுத்து கடலைத் தாண்டிப் போயிட்டது. அதுக்கு விவரம் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது. அது மேல தப்பில்ல" என்றார்.

அதிகாரி அதை எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெளியே வரும்போது வக்கீல் காதருகில், "போதும். இனிமே நீங்க வர வேண்டியதில்ல, தைரியமா ஊருக்குப் போங்க. நெலம் உங்களுதுதான்" என்றார்.

வராந்தாவில் மர்யம் ராசாம்பாளின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரியாஸும் வண்டியில் தூங்கிவிட்டான். அவள் மர்யத்தை அவன் பக்கத்தில் கிடத்தி, கழுத்துக்குத் துணியை மடித்து வைத்தாள். வைரக்கண்ணு முன் பக்கத்தைப் பிடித்தார், அவள் பின் பக்கத்தைப் பிடித்தாள். தூங்குகிற பிள்ளைகள் அசையாமல் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் இறங்கினேன்.

"என்ன ஆச்சு?" என்று ராசாம்பாள் அவரிடம் கேட்டாள்.

"தள்ளி வச்சிருக்காங்க. இன்னொரு வாய்தா இருக்கு" என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் பிரேக்கைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

ராசாம்பாள் என் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாய்தாவுக்கும் புள்ளையளைத் தூக்கிக்கிட்டே வாங்க தங்கச்சி. யார்ட்டயும் விட்டுட்டு வராதீங்க. நான் வச்சிக்கிறேன்" என்றாள்.

"வர்றேன்க்கா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.